இறந்தோர் திரும்பும் கதைகள்: இழப்பும் அச்சப் புனைவும்



ஒரு பழைய கட்டுரை ஏட்டிலிருந்து இப்பொழிவைத் தொடங்க விரும்புகிறோம். நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், தோட்டப்புறப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘எங்கள் வீடு’ என்னும் தலைப்பைக் கொடுத்தோம். ஒரு சிறுமி எழுதியது அரைப் பக்கமே இருந்தது. விடியற்காலையில் லயத்தின் பின்புறக் குழாயடியில் தன் அம்மா துணி துவைத்துக்கொண்டிருப்பதாகவும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றும், அப்பா பெரட்டுக்குப் புறப்படும் நேரத்தில் அம்மா போய்விடுவதாகவும், துவைகல் மட்டும் ஈரமாக இருக்கும் என்றும் அவள் எழுதியிருந்தாள். அவளுடைய தாய் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அது நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு, ‘மூடநம்பிக்கையைத் தவிர்த்து உண்மையை எழுதுக’ என்று அடியில் குறித்தோம். மறுநாள் அவள் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் இரண்டு அறைகள் உள்ளன. கூரை தகரத்தால் ஆனது. வாசலில் ஒரு முருங்கை மரம் நிற்கிறது. ஒற்றுப்பிழைகூட இல்லை. நல்ல மதிப்பெண் இட்டோம். அதன் பிறகு அவள் எழுதிய கட்டுரை எதுவும் நம் நினைவில் இல்லை.

அந்தச் சிவப்பு மை முற்றிலும் காரணமற்றது என்று சொல்லிவிட முடியாது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சென்றார். அதற்குப் பின் இந்நாட்டுத் தமிழ் ஆசிரியர்களிடையே சீர்திருத்த எண்ணம் வேரூன்றியது. காய்ச்சல் கண்ட குழந்தையை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லாமல், காட்டேரி பிடித்துவிட்டது என்று பூசாரியிடம் கொண்டுபோய் இழந்த குடும்பங்களை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். பேயை வகுப்பறையிலிருந்து விரட்டுவதைத் தம் கடமையாகவே அவர்கள் கருதினார்கள். நாமும் அந்த ஆசிரியர்களிடம் பயின்றவர்களே. ஆனால் பேயை விரட்டும்போது அதனோடு வேறு எதையெல்லாம் வெளியேற்றினோம் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. இன்றைய பொழிவின் பொருள் இதுவே: தம் வாழ்வில் இழப்புகளைக் கண்ட எழுத்தாளர் அச்சக் கதையை நாடும்போது, அந்த இழப்பு அக்கதைக்குள் என்னவாக மாறுகிறது?

மேலை நாட்டில் இவ்வகை எழுத்துக்குக் கோதிக் என்று பெயர். 1764ஆம் ஆண்டின் முடிவில் ஹோரஸ் வால்போல் என்னும் ஆங்கிலேயர் ஒட்ரான்டோ கோட்டையைப் பற்றிய கதை ஒன்றை வெளியிட்டார். மறுபதிப்பில் அதனைக் ‘கோதிக் கதை’ என்று குறிப்பிட்டார். பாழடைந்த கோட்டை, பூட்டிய அறை, பழைய குற்றம், அமைதியடையாத இறந்தோர் ஆகியவை அக்கதைகளின் பொருள்கள். பெயர் நமக்கு அந்நியமாக இருக்கலாம், பொருள் அந்நியமன்று. திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பதிகத்தில் பாடிய காரைக்கால் அம்மையாரைக் காட்டிலும் மூத்த அச்சக் கவிஞர் எந்த மொழியில் இருக்கிறார்? கணவன் தன்னைத் தெய்வமென்று அஞ்சி நீங்கிய பின்னர், அவனுக்காகத் தாங்கிய இந்த அழகு இனி வேண்டாம் என்று பேய் வடிவத்தை வேண்டிப் பெற்றார் என்று பெரியபுராணம் கூறும். சமயக் கண்கொண்டு அதனைப் பக்தியின் உச்சம் என்போம். எழுத்தின் கண்கொண்டு பார்த்தாலும் அது குறைந்ததன்று: இல்லறத்தை இழந்த ஒரு பெண், தம் குரலை ஒரு பேயின் வாயில் வைத்துப் பாடினார்.

இனி, இப்பொழிவின் நடுவில் நிற்க வேண்டியவரிடம் வருவோம். மேரி ஷெல்லி 1797ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், பெண்களின் உரிமைகளை நிலைநாட்டி நூல் எழுதியவர். குழந்தை பிறந்த பின்னும் நஞ்சுக்கொடி முழுதும் வெளிவரவில்லை. மருத்துவரை அழைத்தார்கள். அவர் தம் கையாலேயே அதனைத் துண்டு துண்டாக எடுத்தார். பேறுகாலக் காய்ச்சல் கண்டு, செப்டம்பர் 10ஆம் நாள் தாய் இறந்தார். குழந்தைக்கு அப்போது பதினொரு நாள் வயது. மருத்துவர் கையைக் கழுவினால் இக்காய்ச்சல் குறையும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் காட்டியது 1847இல். அதாவது ஐம்பது ஆண்டுகள் கழித்து. காப்பாற்ற வந்த கையே நோயைக் கொண்டுவந்த கையாயிற்று என்பதை மேரி அறிந்திருக்க வழியில்லை. ஆனால் நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டு உடலுக்குள் நுழையும் ஓர் அறிஞனின் கையைப் பற்றித்தான் பிற்காலத்தில் அவர் எழுதினார்.

தாயின் கல்லறையில் பொறித்திருந்த பெயரைத் தடவித்தான் சிறுமி மேரி எழுத்துக் கற்றார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். தாயின் பெயரும் மகளின் பெயரும் ஒன்று என்பதால், தம் பெயரையே ஒரு கல்லறைமேல் படித்துக் கற்றார் என்றும் சொல்லலாம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தை முதன்முதலில் படித்த சொல் எது என்பது சிறிய செய்தியன்று.

பதினேழாம் வயதில் அவர் கவிஞர் ஷெல்லியின் குழந்தையைப் பெற்றார். 1815ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைமாதத்தில் பிறந்த அப்பெண் குழந்தை மார்ச்சு 6ஆம் நாள் இறந்தது. அதற்குப் பெயர்கூட இடப்படவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தம் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதினார். குழந்தை உண்மையில் சாகவில்லை, குளிரில் விறைத்துப் போயிருந்தது; அடுப்பங்கரையில் வைத்துத் தேய்த்துவிட்டதும் உயிர் வந்துவிட்டது; விழித்தபோது குழந்தை இல்லை. கனவு இவ்வளவே. நம் பாட்டிமார் எத்தனை பேர் இதே கனவைக் கண்டிருப்பர்! அவர்களிடம் நாட்குறிப்பு இல்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடந்து செல்ல மனம் வரவில்லை. அக்குழந்தை இறந்த அடுத்த மாதம், 1815 ஏப்ரலில், நம் கடலின் தென்கிழக்கே சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. ஜாவாவில் இருந்தோர் அதன் ஓசையைப் பீரங்கி முழக்கம் என்று கருதிப் படை அனுப்பினர். அப்போது ஜாவாவை ஆண்டவர், சில ஆண்டுகளுக்கு முன் இதே மலாக்காவிலிருந்து ஜாவாப் படையெடுப்புக்குத் திட்டம் தீட்டிய ராஃபிள்ஸ். அந்த எரிமலையின் தூசும் ஆவியும் வான் முழுதும் பரவி, 1816இல் ஐரோப்பாவில் கோடை வராத ஆண்டு நேர்ந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கும் குளிருக்கும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நண்பர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று கவிஞர் பைரன் சொன்னார். பதினெட்டு வயது மேரியும் அங்கிருந்தார். இவ்வாறு நம் தீவுக்கூட்டத்தில் எழுந்த புகையின் நிழலில்தான் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கருக்கொண்டது. நூல் 1818ஆம் ஆண்டு சனவரியில் எழுதியவர் பெயரின்றி வெளிவந்தது.

கதையைப் படம் பார்த்தே அறிந்தவர்கள் ஒரு பிழை செய்வதுண்டு. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்தக் கோர உருவத்தின் பெயர் என்று எண்ணுவர். அது அவ்வுருவத்தைப் படைத்த மாணவனின் பெயர். உருவத்துக்குப் பெயரே இல்லை. மேரியின் முதல் குழந்தைக்குப் பெயர் இல்லாததைப் போல. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் பல்கலைக்கழகம் செல்லும் வேளையில் அவன் தாய் நோய் கண்டு இறக்கிறார். சாவை வெல்லப் புறப்படுகிறான். பிணங்களின் உறுப்புகளைக் கூட்டி ஓர் உடல் செய்து உயிரூட்டுகிறான். அது கண் திறந்த கணத்தில் அருவருப்புக் கொண்டு ஓடிவிடுகிறான். அன்றிரவு அவன் காணும் கனவில், தழுவிய காதலி இறந்த தாயின் பிணமாக மாறுகிறாள்.

இந்த இடத்தில் நம் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்நூலின் அச்சம் பிணம் எழுந்தது என்பதில் இல்லை. எழுந்ததை விட்டு அப்பன் ஓடிப்போனான் என்பதில் இருக்கிறது. அவ்வுருவம் பேசக் கற்கிறது, படிக்கக் கற்கிறது, மறைந்திருந்து ஓர் ஏழைக் குடும்பத்துக்கு விறகு வெட்டிக் கொடுக்கிறது. அது கேட்பதெல்லாம் ஒன்றே: என்னை உண்டாக்கிய நீ ஏன் என்னோடு இருக்கவில்லை? இக்கேள்வியை மேரி இரு பக்கமும் நின்று கேட்டவர். தாயில்லாப் பிள்ளையாக நின்று தாயிடம் கேட்டார். பிள்ளையைக் காக்க முடியாத தாயாக நின்று அதே கேள்விக்கு ஆளானார். தான் பிறந்ததால் தாய் இறந்தாள் என்னும் குற்ற உணர்ச்சியையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். படைத்தவனும் படைக்கப்பட்டதும் ஆகிய இருவர்மீதும் நமக்கு இரக்கம் உண்டாவதற்குக் காரணம் இது என்று கருதுகிறோம். ஒரு பக்கத் துயரை மட்டும் அறிந்தவர் எழுதியிருந்தால் அதில் ஒரு கொடியவனும் ஒரு நல்லவனும் இருந்திருப்பர்.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். வாழ்க்கையில் இது நடந்தது, ஆகையால் கதையில் இது வந்தது என்று கணக்குப் போடுவது எளிது. தேர்வுத் தாளில் மாணவர் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், நாமும் மதிப்பெண் கொடுக்கிறோம். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நூலில் வில்லியம் என்னும் சிறுவன் கழுத்து நெரிக்கப்பட்டு இறக்கிறான். மேரியின் மகன் பெயரும் வில்லியம். ஆனால் நூல் வெளிவந்தபோது அம்மகன் உயிரோடு விளையாடிக்கொண்டிருந்தான். 1819ஆம் ஆண்டு சூன் மாதம் ரோம் நகரில் காய்ச்சல் கண்டு மூன்று வயதில் அவன் இறந்தான். அதற்கு முந்தைய ஆண்டு வெனிசில் கைக்குழந்தை கிளாரா இறந்திருந்தது. 1822இல் ஷெல்லி கடலில் மூழ்கினார். ஆக, கதையில் வந்த சாவு முன்னதாகவும் வாழ்வில் வந்த சாவு பின்னதாகவும் இருந்தன. பட்ட இழப்பு மட்டும் எழுத வைப்பதில்லை. ஒரு முறை பட்டவருக்கு இனி வரப்போவதைப் பற்றிய நடுக்கம் நிலையாகிவிடுகிறது. அந்த நடுக்கமே எழுதுகிறது.

மேரி ஷெல்லியின் இந்நூலைத் தமிழில் தந்தவர் யார் என்பதை இங்குள்ள மாணவர் எத்தனை பேர் அறிவர்? புதுமைப்பித்தன். அவர் அதற்கு இட்ட தலைப்பு ‘பிரேத மனிதன்’. இத்தலைப்பை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. பிரேதம் என்றால் பிணம் என்று அகராதி பொருள் கூறும். நம் ஈமச் சடங்கில் அதற்கு இன்னொரு பொருள் உண்டு. உடலை விட்டு நீங்கி, முன்னோருடன் இன்னும் சேராமல் இடையில் நிற்கும் நிலைக்குப் பிரேதம் என்று பெயர். கருமாதி செய்து, பிண்டம் இட்டு, உறவினர் பெயர் சொல்லி அழைத்து அனுப்பிய பிறகே அது முன்னோருள் ஒன்றாகிறது. அனுப்ப உறவில்லாதது நடுவில் நின்றுவிடும். ஆங்கில மூலத்தில் பெயரில்லாமல், பெற்றவனில்லாமல், பனிவெளியில் அலையும் அவ்வுருவத்துக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் எம்மொழியிலும் கிடைக்காது என்பது நம் எண்ணம். மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் அதனைத் தமிழ்ப் பிணமாக்கிவிட்டார்.

சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். பிற்காலத்தில் சென்னையில் இதழ்ப் பணி, குறைந்த ஊதியம். மனைவி கமலா நெடுநாள் திருவனந்தபுரத்தில் தாய்வீட்டில் இருக்க நேர்ந்த பிரிவு. கைக்கு வந்து தங்காத குழந்தை. மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்னும் தொகுப்பாக வந்துள்ளன. எள்ளலுக்குப் பெயர் பெற்ற அந்த எழுத்தாளர் கடிதத்தில் எவ்வளவு தனித்தவர் என்பதை அங்கே காணலாம். மூத்த மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல்.

1943ஆம் ஆண்டு ‘கலைமகள்’ இதழில் அவருடைய இரண்டு கதைகள் வந்தன. ஒன்று ‘காஞ்சனை’, மற்றொன்று ‘செல்லம்மாள்’. ஒரே ஆண்டு, ஒரே இதழ் என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள். ‘காஞ்சனை’யில் ஓர் எழுத்தாளன் வீட்டில் நள்ளிரவில் காரணமில்லாமல் துர்நாற்றம் வீசுகிறது, பின்பு அதுவே நறுமணமாகிறது. மறுநாள் ஒரு பிச்சைக்காரி வாசலில் வந்து நிற்கிறாள். மனைவி இரங்கி அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். வந்தவள் யார், வந்தது எது என்பதைக் கதை கடைசிவரை உறுதியாகச் சொல்வதில்லை. மஸ்ஜித் தானா மாணவர்களுக்கு அந்த நறுமணத்தை விளக்க வேண்டியதில்லை. மலாய்க் கல்லறைகளில் செம்போக்கா மரம் நிற்கும். அதன் பூமணம் இரவில் திடீரென்று வீசினால் பொந்தியானா வந்துவிட்டாள் என்று நம் அண்டை வீட்டார் சொல்வர். பேறுகாலத்தில் இறந்த பெண்ணே பொந்தியானா ஆகிறாள் என்பது இம்மண்ணின் நம்பிக்கை. 1957இல் சிங்கப்பூரில் எடுத்த ‘பொந்தியானா’ படத்தை இயக்கியவர் பி. என். ராவ் என்னும் இந்தியர். மலாய்ப் பேயைத் திரைக்குக் கொண்டுவந்ததில் நம்மவர் கையும் உண்டு. தமிழகத்திலோ சூலியாக இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கம் இருந்தது. இறக்கி வைக்க முடியாமல் போன அவளுடைய சுமைக்காக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு கல். ஒரே சாவு, ஒரு மண்ணில் அச்சமாகவும் ஒரு மண்ணில் அறமாகவும் நிற்கிறது. மேரியின் தாயும் அச்சாவைத்தான் எய்தினார்.

‘செல்லம்மாள்’ கதையில் பேயே இல்லை. சென்னையில் துணிக்கடை ஊழியர் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி நோயில் கிடந்து இறக்கிறாள். கதை அவள் மூச்சு நின்ற பிறகு தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. அவர் அழுவதில்லை. உடலைக் கழுவுகிறார், யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுகிறார். நோயின் மயக்கத்தில் செல்லம்மாள் ஊரிலிருந்து தாய் வந்திருப்பதாகக் காண்கிறாள். அந்த ஓரிடத்தில் மட்டும் இல்லாதவர் வந்து நிற்கிறார். இவ்வளவு நுணுக்கமாகப் பணிவிடையை எழுதியவர் மனைவியை இழந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று படிப்பவர் எண்ணுவர். ஆனால் நேர்ந்தது வேறு. திரைப்படப் பணிக்காகப் புனே சென்ற புதுமைப்பித்தன் காசநோய் கண்டு, 1948இல் திருவனந்தபுரத்தில் நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். கமலா அதற்குப் பின் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். அவரும் சிறுகதை எழுதியவர், ‘காசுமாலை’ அவருடைய தொகுப்பு. கதையில் கணவன் எஞ்சினான். வாழ்வில் மனைவி எஞ்சினார். வில்லியம் கதைக்கு இது எவ்வளவு நெருக்கம்!

‘காஞ்சனை’ உயர்ந்ததா, ‘செல்லம்மாள்’ உயர்ந்ததா என்று கேட்டால் நாம் தயங்காமல் ‘செல்லம்மாள்’ என்போம். ஆனால் முதலாவதைப் படித்த பின் இரண்டாவதைப் படித்தால், அவ்வீட்டின் இருட்டு மூலையில் வேறொன்றும் நிற்பதாகத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே வீட்டின் முன்வாசலும் பின்வாசலும் என்று மாணவர்களுக்குச் சொல்வது நம் வழக்கம்.

இம்மலாக்காவிலேயே பிறந்த ஒருவரை இவர்களுக்கு எதிரில் நிறுத்திப் பார்க்க வேண்டும். முன்ஷி அப்துல்லா 1796இல், மேரிக்கு ஓராண்டு முன்னதாக, மலாக்காவில் பிறந்தார். தமிழ் வழி வந்தவர். அக்காலத்து மலாக்கா வணிகக் குடும்பங்களின் வழக்கப்படி கணக்கு வழக்குக்காகத் தமிழும் கற்றவர். ‘ஹிக்காயத் அப்துல்லா’ என்னும் தம் வரலாற்று நூலில், தமக்கு முன் பிறந்த நான்கு அண்ணன்மாரும் சிறுவயதில் இறந்ததையும், நோயாளிக் குழந்தையாகத் தாம் பல பெண்களிடம் பால் குடித்து வளர்ந்ததையும் எழுதுகிறார். அதே நூலில், சமயப் பணியாளர் மில்ன் கேட்டதற்கிணங்க, பொலோங், பெனாங்கலான் முதலிய பேய்களைப் பற்றி மக்கள் நம்புவதை விளக்கியதையும் சொல்கிறார். ஆனால் அவர் அவற்றை நம்பவில்லை. அறிவுக்குப் பொருந்தாத மருட்சி என்றே எழுதினார். நம் சிவப்பு மைக்கு அவரே முன்னோடி. பின்னாளில் அவருடைய சிறுமகள் இறந்தாள். அத்துயரில் ‘தவாவுல் குலூப்’, அதாவது உள்ளங்களுக்கு மருந்து, என்னும் நூலை எழுதினார். அதில் பேய் இல்லை. இறைவன் விதியை ஏற்றுக்கொள்ளும் ஆறுதலே உண்டு. அவர் மனைவியும் பேறுகாலத்தில் மறைந்தார்.

அப்துல்லா பேயை எழுதியபோது அதில் தம் துயரை வைக்கவில்லை; துயரை எழுதியபோது அதில் பேயை வைக்கவில்லை. ஆக, இழப்புக் கண்டவரெல்லாம் அச்சக் கதை எழுதுவர் என்பது பொய். உறுதியான ஆறுதல் கிடைத்தவருக்கு அக்கதை வேண்டியதில்லை. மேரிக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. தந்தையோ சமய நம்பிக்கையற்ற மெய்யியலாளர், கணவரோ நாத்திகத்துக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டவர். புதுமைப்பித்தனும் எதையும் ஐயத்தோடு பார்த்தவர். இறந்தவர் எங்கே போனார் என்பதற்கு விடை வைத்திராதவர்களிடமே இறந்தவர் திரும்பி வருகிறார்போலும்.

நம் தோட்டங்களுக்கு வருவோம். 1942 முதல் 1943 வரை சயாம் இரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய புதினங்கள் அதனைப் பேசுகின்றன. பிணம் வரவில்லை, இறந்த நாள் தெரியவில்லை, கருமாதி எப்போது செய்வது, தாலியை எப்போது கழற்றுவது என்று தெரியாமல் பெண்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அவர்களிடம் நாம் கேட்ட கதைகளில், இரவில் லயத்துக் கதவைத் தட்டும் ஓசை திரும்பத் திரும்ப வரும். கதவைத் திறந்தால் யாரும் இல்லை. சிறுவயதில் அவற்றைப் பேய்க்கதை என்றே கேட்டோம், மூத்திரம் போக வெளியே செல்ல அஞ்சினோம். புதுமைப்பித்தன் தலைப்பின் பொருளை அறிந்த பிறகுதான், அப்பெண்கள் நமக்குக் கதை சொல்லவில்லை, அனுப்பி வைக்கப்படாத ஒருவரைப் பற்றி முறையிட்டார்கள் என்று விளங்கியது.

தோட்டத் துண்டாடலாலும் செம்பனை வந்ததாலும் வீடமைப்பாலும் லயங்கள் போயின. ரப்பர்க் காட்டு ஓரத்தில் இருந்த நம் இடுகாடுகள் சில இப்போது செம்பனை வரிசைகளுக்கு நடுவில் கிடக்கின்றன. இங்கிருந்து லுபோக் சீனா பக்கமோ சுங்கை பாரு பக்கமோ சென்றால், வயது முதிர்ந்தவர் ஒருவர் கையை நீட்டி, அந்த மேட்டில்தான் எங்கள் ஆயாக்கொட்டகை, அந்தப் பக்கந்தான் அப்பாவைப் புதைத்தோம் என்று சொல்லக்கூடும். இன்று எழுதும் மாணவன் அந்த இடத்தில் பேய் நடமாடுவதாக எழுதினால், அவன் தன் தாத்தா நின்ற இடத்தைக் குறிக்கிறான் என்று கொள்வதில் தவறென்ன?

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பேய்க்கதை எழுதினால் எல்லாவற்றையும் போற்ற வேண்டியதில்லை. பெரும்பாலானவை தொலைக்காட்சியிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் எடுத்தவை. வெள்ளைப் புடவை, சலங்கை ஒலி, முடிவில் கனவு என்று ஒரு வரி. அவற்றுக்குச் சிவப்பு மை தகும். ஆனால் நூற்றில் ஒன்றில், யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு சிறு செய்தி இருக்கும். காஞ்சனையின் நறுமணத்தைப் போல, மேரி கனவில் தேய்த்த குளிர்ந்த உடலைப் போல, அது உடலால் அறிந்த செய்தியாக இருக்கும். அதைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யார் இறந்தார் என்று அந்தப் பிள்ளையைத் தனியே கேளுங்கள். கட்டுரையை அதன் பிறகு திருத்தலாம்.

அச்சிறுமியின் கட்டுரையில் அந்தச் செய்தி துவைகல்லின் ஈரம். அம்மா திரும்பிப் பார்ப்பதில்லை என்று எழுதியது ஏக்கம். அது எவருக்கும் வரும். கல் ஈரமாக இருந்தது என்று எழுதியது எழுத்து. குழாய் ஒழுகியிருக்கலாம், விடியலில் பனி இறங்கியிருக்கலாம். அவள் நாள்தோறும் எழுந்துபோய்க் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறாள் என்பது மட்டும் உறுதி. இதனை விளங்கிக்கொள்ள நமக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. திருத்தி எழுதிய தாளை அவள் ஏட்டில் ஒட்டியிருந்தாள். கோடிட்ட முதல் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. அதனை என்ன செய்தாய் என்று நாம் கேட்கவில்லை.

நேரம் கடந்துவிட்டது. மாணவர்களிடம் வினாக்கள் இருக்கும் என்று நம்புகிறோம்; அவற்றைக் கேட்கவே விரும்புகிறோம்.